ஏழு மணிக்குப் பிறகு எங்கள் தெரு: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு,

எங்கள் ஊர்ப் பள்ளியில் சில மாதங்களுக்கு முன் ஆதார் புதுப்பிக்கும் முகாம் நடந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கருவியில் விரலை வைத்தாள். ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார் கருவியோடு வந்திருந்த தம்பி. அப்புறம் தலையில் விரலைத் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைக்கச் சொன்னார். அப்புறம் இடது கை. ஐந்தாவது முறையும் திரையில் சிவப்புதான் வந்தது. "என்ன பாப்பா, கையில ரேகையே இல்ல?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்த உதவிக்குப் போயிருந்த நான் பக்கத்தில்தான் நின்றேன். காரணம் எனக்குத் தெரியும். கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் பசை காய்ந்து, உரிந்து, மறுபடி காய்ந்து, தோல் பளிங்கு மாதிரி வழுவழுப்பாகியிருந்தது. நடுவிரலின் ஓரத்தில் அட்டையின் விளிம்பு அறுத்த மெல்லிய கோடுகள். கிட்டத்தட்ட நாற்பது வருடத்துக்கு முன் என் கையும் இப்படித்தான் இருந்தது.

அந்தப் பிள்ளை பட்டாசு கிஃப்ட் பாக்ஸுக்கு அட்டைப் பெட்டி மடித்து ஒட்டுகிறாள். பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்தால் இரவு பத்து, பத்தரை வரை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் விடியற்காலை நான்கு மணிக்கும் எழுப்பி விடுகிறார்கள். அவளோடு அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். நூறு பெட்டி ஒட்டினால் கிடைப்பது டீ வடைக்குக் காணும் காசு. வகுப்பில் மதியம் முதல் பாடவேளையில் அவள் தூங்கிவிடுவாள். ஆசிரியர்கள் எழுப்புவதில்லை. அவர்களுக்கும் தெரியும்.

நான் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தேன். பத்து நாள் கழித்து ஓர் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர், நிதானமாகப் பேசினார். பள்ளிப் பதிவேட்டைப் பார்த்தார், பிள்ளையின் பெயர் இருந்தது. வீட்டைப் பார்த்தார், அம்மா இருந்தார். என்னிடம் வந்து, "அம்மாவுக்கு ஒத்தாசையாத்தான் செய்யுது. பள்ளிக்கூடமும் போகுது. அபாய வேலைப் பட்டியல்ல வெடிமருந்து இருக்கு, வெறும் அட்டைப் பெட்டி இல்லை. சட்டத்துல இதுக்கு இடம் இருக்கு டீச்சர்" என்றார். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்ன அந்த 'இடம்' நாடாளுமன்றம் கொடுத்த இடம். அதனால்தான் அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சாத்தூர் வட்டாரத்துக்காரி. 1987-இல் எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனேன். விடியுமுன்னே ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கத்திலேயே அம்மா தூக்கி ஏற்றிவிடுவாள். தீக்குச்சி அடுக்கும் சட்டத்தைத்தான் கட்டை என்போம். அதன் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி. ஒரு குச்சி சாய்ந்திருந்தாலும் கணக்குப்பிள்ளை அந்தக் கட்டையைக் கணக்கில் சேர்க்கமாட்டார். இரவு வீட்டுக்கு வந்தபிறகு பெட்டி ஒட்டுவோம். மைதா மாவுப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் என்ற நச்சு உப்பைக் கலந்திருப்பார்கள், அந்தக் கையாலேயே கஞ்சி குடிப்போம். குரோஸ் கணக்கில் கூலி. நூற்று நாற்பத்து நான்கு பெட்டி ஒரு குரோஸ் என்பதுதான் நான் முதலில் கற்ற வாய்ப்பாடு. பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நான்கு என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தபோது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பள்ளிக்கு நான் போனதற்குக் காரணம் ஒரு சட்டமும் ஒரு திட்டமும். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்தல் சட்டம் வந்தது. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. அந்தத் திட்டத்தின் சிறப்புப் பள்ளி ஒன்று எங்கள் பக்கத்து ஊரில் திறந்தது. பதினோரு வயதில் அங்கே போய் 'அ' எழுதினேன். 1991 ஜூலையில் மீனம்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 39 பேர் இறந்தார்கள், அதில் பிள்ளைகள் பலர். அந்த வாரம் எங்கள் டீச்சர் வருகைப் பதிவேட்டைத் தினமும் இரண்டு முறை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் 'உள்ளேன் டீச்சர்' என்று குரல் வரும்வரை அடுத்த பெயருக்குப் போகமாட்டார். பிறகு நானும் அப்படி ஒரு மையத்தில் டீச்சரானேன். பதினேழு வருடம். அங்கிருந்து முறையான பள்ளிக்கு மாற்றிவிட்ட பிள்ளைகளில் நர்ஸ் இருக்கிறார்கள், பஸ் கண்டக்டர் இருக்கிறார்கள், ஒருத்தி கிராம நிர்வாக அலுவலர்.

ஆகவே சட்டத்தால் ஒன்றும் ஆகாது என்று சலித்துக்கொள்கிற ஆள் இல்லை நான். சட்டத்தால் பிழைத்தவள். அதே சட்டத்தில் ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறீர்கள், அதன் வழியாகப் பிள்ளைகள் திரும்பப் போகிறார்கள் என்பதுதான் என் முறையீடு.

2016 ஜூலையில் மாநிலங்களவையும் அடுத்த வாரமே மக்களவையும் அந்தச் சட்டத்தைத் திருத்தின. திருத்தத்தில் நல்லதும் இருக்கிறது, மறுக்கவில்லை. 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று முதன்முறையாகச் சொன்னது. ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, 20,000 முதல் 50,000 வரை அபராதம் என்று தண்டனையை ஏற்றியது. ஆனால் மூன்றாவது பிரிவில் ஒரு விலக்கு. பள்ளி நேரம் போக, அல்லது விடுமுறையில், அபாயமில்லாத வேலை என்றால், பிள்ளை தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவலாம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. வீட்டு வேலையில் கைகொடுக்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? ஆனால் விளக்கத்தைப் படியுங்கள். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை மட்டும் இல்லை. அப்பாவின் உடன்பிறந்தவர்கள், அம்மாவின் உடன்பிறந்தவர்கள் எல்லாரும் சேர்த்தி. அதாவது பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி. குடும்பத் தொழில் என்றால் அந்தக் குடும்பத்தார் வேறு ஆட்களையும் சேர்த்துக்கொண்டு செய்யும் எந்த வேலையும், உற்பத்தியும், வியாபாரமும்.

எங்கள் தெருவில் யாரைத்தான் நாங்கள் மாமா, சித்தி என்று கூப்பிடாமல் இருக்கிறோம்? பெட்டிக்கு அட்டை கொண்டுவந்து இறக்கும் ஏஜென்ட், அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு உடன்பிறந்த அண்ணன். சட்டப்படியே மாமா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் 'சித்தி வீட்டில்' ஒத்தாசை செய்கிறார்கள். அவர் அவர்களுக்குச் சொந்தச் சித்தியா, ஒன்றுவிட்ட சித்தியா, ஒன்றுமே இல்லாத சித்தியா என்று எந்த அதிகாரி எந்த ஆவணத்தை வைத்துப் பார்ப்பார்?

2017-இல் இதற்கு விதிகள் வந்தன. குடும்பத்துக்கு உதவும் பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்யக்கூடாது. இரவு ஏழு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை செய்யவே கூடாது. குடும்பமே ஆனாலும் பிள்ளைகள் தொடக்கூடாத வேலைகளுக்குத் தனிப் பட்டியலும் அந்த வருடம் வந்தது. எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் தயவுசெய்து யோசியுங்கள். பள்ளி நாலேகால் மணிக்கு விடுகிறது. பிள்ளை வீட்டுக்கு வந்து முகம் கழுவி உட்கார ஐந்தாகிவிடும். எங்கள் தெருவில் வேலை சூடுபிடிப்பதே ஏழு மணிக்குப் பிறகு, அம்மாமார் தீப்பெட்டி ஆபீசிலிருந்தும் பட்டாசு ஆலையிலிருந்தும் திரும்பி வந்து சோறு பொங்கி முடித்தபின். அந்த நேரத்தில் எந்த ஆய்வாளர் வந்து வீட்டுக் கதவைத் தட்டுவார்? அபாயமான வேலையா இல்லையா என்பதும் அப்படித்தான். வெறும் அட்டைப் பெட்டி, வெறும் காகிதக் குழாய் என்று தொடங்குகிற வீட்டில் ஒரு நாள் திரியும் வந்து சேர்கிறது. வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் பக்கம் வீடுகளில் கள்ளத்தனமாகப் பட்டாசு செய்து வெடித்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். இரங்கலும் தெரிவித்திருப்பீர்கள்.

ஆலைக்குள் பிள்ளை இருந்தால் ஆலைக்காரர் பதில் சொல்லவேண்டும். அதே வேலையைப் பையில் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை. இந்த ஒரே காரணத்தால் வேலை வீட்டுக்கு வருகிறது. 1986 சட்டத்திலும் குடும்பத்துக்கு விலக்கு இருந்தது என்று சிலர் சொல்வார்கள். இருந்தது. அதை எடுக்கத்தான் 2016 நல்ல சந்தர்ப்பம். எடுக்காமல், மாமா சித்திவரை அதற்கு விளக்கம் எழுதி நிலைநிறுத்திவிட்டோம்.

இதில் எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. 2015 மே மாதம் மத்திய அமைச்சரவை இந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, பிள்ளைகள் பெற்றோருக்கு உதவும்போது தொழிலின் அடிப்படையையும் கற்றுக்கொள்கிறார்கள் என்பது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிய வாதமா? 1953-இல் பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் இங்கே வந்தது. குலக்கல்வி என்று இந்த மாநிலமே எதிர்த்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. 1956-இல் அவர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் எங்கள் ஊரிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்தான். நீங்கள் எந்தக் கட்சியானாலும் மேடையில் இந்த வரலாற்றைச் சொல்லித்தான் பேசுகிறீர்கள். பள்ளி முடிந்தபின் அம்மா தொழில் என்று அதே யோசனை சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது அதை எடுக்கச் சொல்லி ஒரு மசோதா உங்களிடமிருந்து வரவேண்டாமா? பெட்டி ஒட்டுவதில் அந்தப் பிள்ளை என்ன தொழிலைக் கற்றுக்கொள்கிறாள்? முதல் நாள் அரை மணி நேரத்தில் கற்றதைத்தான் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறாள்.

அந்தத் தாயைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பழி அவர் மேல் போய் விழும். அவர் பிள்ளையை வதைக்கிற தாய் இல்லை. கணவர் இல்லை. குழுக் கடனுக்கு வாராவாரம் தவணை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வசூல்காரர் வந்து நடுவீட்டில் உட்கார்ந்தால், பணம் எண்ணி வைக்கும்வரை எழுந்திருக்கமாட்டார். பள்ளி திறக்கும்போது சீருடை தைக்கவும் செருப்பு வாங்கவும் ஏஜென்ட் முன்பணம் கொடுத்திருக்கிறார். அதைப் பெட்டியாக ஒட்டிக் கழிக்கவேண்டும். அவர் ஒருவர் கையால் இத்தனை ஆயிரம் பெட்டி ஒட்ட முடியாது என்பது கூலியை நிர்ணயிப்பவருக்கும் தெரியும், ஏஜென்டுக்கும் தெரியும். நான்கு கை சேர்ந்தால்தான் ஒரு ஆள் கூலி வரும் என்பது போலத்தான் அந்தக் கணக்கே போட்டிருக்கிறார்கள். பிள்ளையின் கை அந்தக் கூலியில் ஏற்கெனவே சேர்த்து எண்ணப்பட்டுவிட்டது. ஆகவே விலக்கை மட்டும் வெட்டி எறிந்தால் போதாது. வெறுமனே வெட்டினால் அந்தத் தாய் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டுவார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு சட்டமன்றப் பெண்மணியை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத்தலைவரானவர். சிறுமிகளைக் கோயிலுக்குத் தேவதாசிகளாகப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று 1927-இல் அந்த அவையில் தீர்மானம் கொண்டுவந்தார். அவருக்கு எதிராகச் சொல்லப்பட்டவையும் மரபு, குலம், குடும்ப வழக்கம் என்பவைதான். அவர் என்ன செய்தார் என்பதை நான் பலமுறை என் மையத்துப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். தடை ஒன்றுதான் மருந்து என்று அவர் நின்றுவிடவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் இருந்தது, கோயில் ஊழியத்துக்குப் பெண் ஒருத்தி இருந்தால்தான் அந்த நிலம் நிலைக்கும். பிள்ளையை விட்டால் நிலமும் போகும் என்றால் எந்தக் குடும்பம் விடும்? 1929-இல் இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் அந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. ஊழியம் செய்யாமலே நிலம் குடும்பத்திடம் இருக்கலாம் என்று ஆனது. அதற்கடுத்த வருடம்தான் பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதே 1930-இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார். போக்கிடம் இல்லாத பெண் பிள்ளைகளுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். மசோதா கிடப்பில் கிடந்தது, அவர் விடவில்லை. 1947-இல் ஓமந்தூரார் ஆட்சியில் சட்டமாயிற்று. இருபது வருடம்.

முதலில் வயிற்றுக்கான முடிச்சை அவிழ்ப்பது, கூடவே தடை, பிள்ளை வந்து நிற்க ஒரு இடம். மூன்றும் சேர்ந்துதான் அவர் வேலை. இன்று நம் அரசு கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கு, அதே பொட்டுக்கட்டு வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்துக் கல்லூரி சேர்ந்தவளுக்குத்தான் அந்தப் பணம். பெட்டி ஒட்டும் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டால் அந்த ஆயிரம் ரூபாய் அவள் கையைத் தொடவே போவதில்லை.

பிள்ளை வந்து நிற்கும் இடம் என்றேன். எங்கள் சிறப்பு மையங்கள்தான் அந்த இடம். 2021-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவோடு இணைத்தார்கள். காகிதத்தில் இணைப்பு. எங்கள் ஊரில் நடந்தது, மையத்துக்குப் பூட்டு. மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களை எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பிள்ளைக்கு மாதம் 400 ரூபாய் உதவித்தொகை கொடுத்தோமே, அது நின்றது. இணைத்த திட்டத்துக்கே 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய நிதி வராமல் நின்றதை நீங்களே அவையில் எழுப்பினீர்கள். ஆசிரியர் சம்பளத்துக்கு எழுப்பினீர்கள், சரிதான். அந்தப் பணத்தில் வேலையிலிருந்து மீட்ட பிள்ளையின் பங்கும் இருந்தது என்பதை யாராவது சொன்னீர்களா?

இன்னொன்று. இந்தப் பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 முதல் 14 வயதுவரை வேலை செய்யும் பிள்ளைகள் நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேல். இன்று பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கிற பிள்ளையை மாணவி என்று எழுதிக்கொண்டு போவார்கள். அவள் மாணவியும்தான். ஆனால் நாளுக்கு ஆறு மணி நேரம் பசை தொட்டு வேலை செய்கிற மாணவி. 2025-க்குள் உலகில் குழந்தை உழைப்பை ஒழிப்போம் என்று ஐக்கிய நாடுகள் வைத்த இலக்கை நாமும் ஏற்றுக்கொண்டோம். 2024-இல் உலகத்தில் 13.8 கோடிப் பிள்ளைகள் வேலை செய்ததாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சொல்கின்றன. அந்த எண்ணிக்கையிலாவது எங்கள் தெருப் பிள்ளை இருக்கிறாளா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடும் பிள்ளையையும், கடையில் அப்பா சாப்பிடப் போகும்போது கல்லாவில் உட்காரும் பிள்ளையையும் நான் தொழிலாளி என்று சொல்லவில்லை. அவர்கள் பெற்றோரை ஜெயிலில் போடவும் கேட்கவில்லை. வெளியே ஒருவர் விற்று லாபம் பார்ப்பதற்காக, எண்ணிக்கைக் கூலிக்கு வீட்டுக்கு வருகிற வேலையைப் பற்றித்தான் பேசுகிறேன். இரண்டையும் பிரித்தறிவது சட்டம் எழுதத் தெரிந்தவர்களுக்குக் கஷ்டமே இல்லை.

இனி நான் கேட்பவை.

உங்களில் ஒருவராவது வரும் கூட்டத்தொடரில், அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவாருங்கள். மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர், ஆக 57 பேர் இருக்கிறீர்கள். 2016 திருத்தத்தின் 'குடும்பத் தொழில்' விலக்கை நீக்குங்கள். வேண்டுமானால் 'தன் வீட்டுக்காகவே செய்யும் வேலை, தன் குடும்பத்தின் சொந்த நிலம், சொந்தக் கால்நடை' என்று குறுக்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் கூலிக்கு வெளியிலிருந்து வரும் எந்த வேலையும் அதற்குள் வரக்கூடாது. பிள்ளை ஒட்டிய பெட்டிக்குப் பதில் சொல்லவேண்டியவர் அந்தத் தாய் இல்லை. அட்டையை அனுப்பியவரும், பெட்டியை வாங்கி அதில் தன் பெயரை அச்சடித்தவரும்தான் என்று எழுதுங்கள்.

தனிநபர் மசோதா 1970-க்குப் பிறகு சட்டமானதில்லை, எதற்கு வீண் வேலை என்று சொல்லாதீர்கள். 2015 ஏப்ரலில் திருச்சி சிவா அவர்கள் கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. அது மக்களவையைத் தாண்டவில்லைதான். ஆனால் அதற்கப்புறம் அரசு சும்மா இருக்க முடியாமல் தானே ஒரு சட்டத்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்கிய நேரம். அதில் ஒரு வெள்ளிக்கிழமையைக் கேட்கிறேன்.

அதே மசோதாவில் வயிற்றுக்கான முடிச்சையும் அவிழ்த்துவிடுங்கள். பீடி சுற்றுபவர்களுக்கு 1966-இலேயே சட்டம் வந்தது, வீட்டில் இருந்து சுற்றுபவரும் அதில் தொழிலாளியாகத்தான் எண்ணப்பட்டார். பெட்டி ஒட்டும், குழாய் உருட்டும், கவர் மடிக்கும் பெண்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஒரு பெரிய ஆள் எட்டு மணி நேரத்தில் செய்து முடிக்கக்கூடிய எண்ணிக்கைக்கு முழு நாள் கூலி என்று நிர்ணயம் செய்யுங்கள். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில், எங்கள் சிவகாசிப் பிள்ளைகளை வைத்துத்தான், உச்ச நீதிமன்றம் சொன்னது: பிள்ளையை வேலைக்கு வைத்தவர் பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்டவேண்டும், அந்தப் பிள்ளைக்குப் பதிலாக வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்யவேண்டும், இல்லையென்றால் அரசு தன் பங்காக 5,000 போடவேண்டும். முப்பது வருடத்துக்கு முந்தைய தொகை அது. இன்றைய விலைவாசிக்கு ஏற்றி, சட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள்.

மூடிய சிறப்பு மையங்களை, தீப்பெட்டி, பட்டாசு வேலை நடக்கும் வட்டங்களிலாவது திறக்க வையுங்கள். சமக்ர சிக்ஷாவில் அதற்கென்று தனித் தலைப்பில் பணம் கேளுங்கள். மீட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு எழுதினார்கள் என்று வட்டம் வாரியாக அவையில் கேள்வி கேளுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடமும் 'வீட்டில் கூலி வேலை உண்டா' என்ற கேள்வி வைக்கச் சொல்லுங்கள்.

சட்டமன்றத்தில் இருக்கும் உங்கள் கட்சிக்காரர்களிடமும் பேசுங்கள். தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தை மாநிலம் திருத்தி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கலாம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கு அப்படித்தான் செய்தோம். அவசரச் சட்டம் வந்த இரண்டாம் நாள் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது, மாதம் முடிவதற்குள் ஒப்புதலும் வந்தது. எங்கள் வட்டாரத்துப் பையன்களும் மெரினாவில் நின்றார்கள். அந்த வேகம் இந்த மாநிலத்துக்கு முடியும் என்று எங்களுக்கு அப்போதே தெரியும்.

கடைசியாக ஒன்று. எங்கள் தெருவுக்கு வாருங்கள். முன்கூட்டிச் சொல்லவேண்டாம், கட்சிக்காரர்களும் போலீசும் கூட வரவேண்டாம். சாத்தூர் பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் இருபது நிமிடம். பிள்ளைகள் வேலை செய்யக்கூடாது என்று உங்கள் விதி சொல்கிற நேரத்துக்கே வாருங்கள், இரவு ஏழு மணிக்குப் பிறகு. எட்டு மணிக்கு வந்தால் தெருவிளக்குக்குக் கீழே திண்ணையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் பசைச் சட்டி, பக்கத்தில் மடித்த அட்டை. அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையும் இருப்பாள். அவள் கையை ஒரு நிமிடம் உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு, அந்த மசோதாவை எந்த வெள்ளிக்கிழமை கொண்டுவருவீர்கள் என்று அவளிடமே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கட்டை அடுக்கியவள், பின்பு டீச்சர்,
சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்.